டேப்லெட்டுக்கு முந்தி வந்த மின்சாரம்

கென்யாவின் தொடக்கப் பள்ளிகளுக்குள் கணினிக் கல்வி தேர்தல் வாக்குறுதியாகத்தான் நுழைந்தது. 2013 பொதுத் தேர்தலில் உகுரு கென்யாட்டாவின் ஜூபிலி கூட்டணி, ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு மடிக்கணினி தருவதாகச் சொன்னது. ஆட்சி கிடைத்தது, மடிக்கணினி வரவில்லை. கொள்முதல் தகராறில் சிக்கி முதல் ஒப்பந்தம் ரத்தானது. அந்தத் தாமதமும் ஒருவகையில் நல்லதே. அப்போதே வந்திருந்தால், ஏராளமான பள்ளிகளில் சார்ஜ் போட ஒரு பிளக் பாயின்ட்கூட இருந்திருக்காது.

இடைப்பட்ட காலத்தில் ஊரக மின்மயமாக்கல் ஆணையம் பள்ளிகளுக்குக் கம்பி இழுத்தது. கம்பி எட்டாத தொலைதூரப் பள்ளிகளுக்குச் சூரியத் தகடுகள் போயின.

தகடு தருவது நேர்மின்னோட்டம். பாட்டரியில் சேர்வதும் அதுதான். கென்யாவின் பிளக் பாயின்ட்டுக்கோ 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவில் நிற்பது இன்வெர்ட்டர். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 1,000 வாட் எடுக்க, இழப்பைச் சேர்க்காமலே 83 ஆம்பியர் ஓட வேண்டும்; வயர் மெல்லியதாக இருந்தால் கொதித்துவிடும். மலிவான இன்வெர்ட்டரின் அலை படிக்கட்டுப் போல ஏறி இறங்கும். அதில் ஓடும் மின்விசிறி உறுமும். வகுப்பிலுள்ள டேப்லெட்டுகளை எல்லாம் ஒரே நேரத்தில் சொருகினாலும் சிக்கல்தான். சார்ஜர்கள் அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை வெடுக்கென்று இழுப்பதால் அலையின் தலை மழுங்கிவிடும்.

மெக்கானிக் வந்து சேரவே நாள்கணக்காகும் ஊரில் இதையெல்லாம் பொருத்திய பிறகு கண்டுபிடிப்பது கட்டுப்படியாகாது. மின்சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் வழக்கம் இங்கேதான் கைகொடுக்கிறது. 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பைஸ் நிரல் அதற்கு அடித்தளம் போட்டது. சிமுலிங்க் போன்றவை பின்னால் வந்தன. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் மாஸ்ஃபெட் சுவிட்சுகள் வினாடிக்கு 20,000 முறை திறந்து மூடினால் எவ்வளவு சூடாகும், அலையைச் சீராக்க எந்த அளவுச் சுருளும் கெப்பாசிட்டரும் வேண்டும், மேகம் மூடி பாட்டரி இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். ஒரு மாஸ்ஃபெட்கூடக் கருகாது.

2016-இல் மடிக்கணினித் திட்டம் உருமாறி வந்தது. பிள்ளைகளுக்கு டேப்லெட், ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, பள்ளிக்குப் புரொஜெக்டர். மோய் பல்கலைக்கழகமும் ஜோமோ கென்யாட்டா வேளாண், தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து இவற்றை வழங்கின. 21,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 11 லட்சத்துக்கும் அதிகமான கருவிகள் போய்ச் சேர்ந்தன. புதிய பாடத்திட்டம் கணினித் திறனை அடிப்படைத் திறன்களில் ஒன்றாக வைத்தது. 2019-இல் வந்த எரிசக்திச் சட்டம் மின்மயமாக்கல் ஆணையத்தின் பெயரோடு ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்பதையும் சேர்த்தது.