விவரப்பட்டியலில் இடம்பெறாத டார்ச் விளக்கு

2003ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் சில மாத இடைவெளியில் இரண்டு கைபேசிகளை அறிவித்தது. ஒன்று 6600. வண்ணத் திரை, கேமரா, சிம்பியன் இயங்குதளம், நினைவக அட்டை என அன்றைய நாகரிகம் அனைத்தும் அதில் இருந்தன. மற்றொன்று 1100. கறுப்பு வெள்ளைத் திரை. அதில் குறுக்கே 96, நெடுக்கே 65 புள்ளிகள். ஐம்பது பெயர்களைச் சேமிக்கலாம்; கேமரா கிடையாது. இரண்டின் விவரப்பட்டியல்களையும் அருகருகே வைத்தால் 1100 பெரும்பாலான வரிகளில் வெல்லாது. அந்த 1100தான் உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது.

விலைதான் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். விலைக்குப் பங்கு உண்டு என்பதையும் மறுக்க முடியாது. அதே ஆண்டு மே 1 முதல் இந்தியாவில் உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. அதுவரை அழைப்பை எடுத்தாலும் காசு போயிற்று. கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருப்பது அன்றுதான் ஏழைக்கும் கட்டுப்படியாயிற்று. ஆனால் சந்தையில் வேறு மலிவான கைபேசிகளும் இருந்தன. 1100-இல் இருந்து அவற்றில் இல்லாதவை மூன்று: தலைப்பகுதியில் ஒரு சிறு டார்ச் விளக்கு, தூசி உள்ளே புகாதபடி ஒரே தகடாக மூடிய விசைப்பலகை, வியர்த்த கையிலிருந்து வழுக்காத பக்கவாட்டுப் பிடி. இந்தியாவுக்கென்றே உருவாக்கப்பட்டது என்று விளம்பரமும் செய்தார்கள். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் ஊர்களில் மோட்டார் போடுவதற்கு வரப்பில் நடந்து போன உழவருக்கு அந்த விளக்கின் பொருள் தெரியும். பாம்பு கிடக்கும் வரப்பில் திரையின் வண்ணங்களை எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

கைக்கருவிகளின் இந்திய வரலாற்றைத் தொழில்நுட்ப வளர்ச்சியின் ஏறுவரிசையாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். யார் கையில், எதற்காக என்ற கேள்வியோடு அதே வரலாற்றைப் படித்தால் வரிசை குலைந்துவிடுகிறது. அப்படிக் குலைக்கும் கருவிகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சிம்ப்யூட்டர்.

1100-க்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2001 ஏப்ரலில், பெங்களூரில் அது அறிமுகமானது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்த மூவரும் கூடி அமைத்த அறக்கட்டளையின் ஆக்கம் அது. எளிய, மலிவான, பன்மொழிக் கணினி என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அதன் பெயராயிற்று. உள்ளங்கை அளவு, தொடுதிரை, லினக்ஸ் இயங்குதளம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக இந்திய மொழி எழுத்தை ஒலியாக்கிச் சொல்லும் மென்பொருள். புரூஸ் ஸ்டெர்லிங் நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் எழுதியபோது அந்த ஆண்டின் மிக முக்கியமான கணினிப் புத்தாக்கமாக அதைக் குறிப்பிட்டார். அன்றைய அமெரிக்க ஏடொன்றில் இந்தியக் கருவி ஒன்றுக்கு இந்த இடம் கிடைத்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சிம்ப்யூட்டரை வடிவமைத்தவர்கள் எண்களின் பின்னால் ஓடியவர்கள் அல்லர். பயன்பாட்டிலிருந்துதான் தொடங்கினார்கள். ஏறத்தாழ 9,000 ரூபாய் ஒரு சிற்றூர்க் குடும்பத்துக்கு எட்டாத தொகை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு என்று திட்டமிட்டார்கள். அட்டையைச் செருகினால் கருவி அப்போதைக்கு அவருடையதாகிவிடும், உருவினால் அடுத்தவருடையது. பகிர்ந்து வாழும் சமூகத்தைக் கணினி வடிவமைப்பு இவ்வளவு மரியாதையோடு நினைத்துப் பார்த்தது அரிது.

பிறகு ஏன் விற்கவில்லை? 2004 மார்ச்சில் பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் ‘அமிடா சிம்ப்யூட்டர்’ என்ற பெயரோடு அது கடைக்கு வந்தது. கருவியைச் சாய்த்தால் உணர்ந்துகொள்ளும் அசைவுணரியும் அதில் இருந்தது. ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு! 50,000 கருவிகள் விற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் அடுத்த ஆண்டுவரை சுமார் 4,000 மட்டுமே போயின. முதலீடு குறைவு, அரசு கைகொடுக்கவில்லை, கைபேசி முந்திக்கொண்டது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் உண்மை உண்டு. என் வாசிப்பில் இன்னொன்றும் தென்படுகிறது. சிம்ப்யூட்டருக்குப் பயன்பாடு இருந்தது, பயனர் இல்லை. ‘கிராமத்தவர்’ என்ற பொதுப்பெயர்தான் இருந்தது. நிலப் பதிவு, வேளாண் விலை, பாடம், மருத்துவம், வங்கி என எல்லாவற்றுக்கும் உதவும் என்று சொல்லப்பட்ட கருவியை, திங்கட்கிழமை காலையில் இன்னார் இந்த வேலைக்காகக் கையில் எடுப்பார் என்று சொல்ல எவராலும் இயலவில்லை.

2007இல் நோக்கியா 1200 வந்தது. அதுவும் பகிர்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஒரே கைபேசியில் ஐந்து தனித்தனி முகவரிப் புத்தகங்கள். ஓர் அழைப்புக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைக்கும் வசதி. வீட்டில் ஒரு கைபேசியை மாமியார், மருமகள், கல்லூரி போகும் பையன் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். தெருமுனைக் கடைக்காரர் அதையே வாடகைக்கு விடுகிறார். இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுச் செய்த கருவி என்பது அதைத் தொட்டாலே தெரியும். சிம்ப்யூட்டர் ஸ்மார்ட் கார்டால் தீர்க்க முயன்ற அதே சிக்கலை இது ஒரு பட்டியல் பக்கத்தால் தீர்த்தது. பொறியியல் அழகில் முன்னது பெரிது என்றே இன்றும் நினைக்கிறேன்.

குறிப்பிட்ட ஒருவரின் கைக்குப் போனபோது சிம்ப்யூட்டரும் பிழைத்தது. என்கோர் நிறுவனம் அதே அடித்தளத்தில் இந்தியத் தரைப்படைக்காக ‘சாத்தி’ என்ற கைக்கருவியை உருவாக்கியது. தன் அணியினர் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் களத்தில் நிற்கும் வீரர் திரையில் காண வேண்டும், அதுதான் வேலை. அமிடாவைத் தயாரித்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 2011இல் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்புக்காக ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மலிவான டேப்லெட்டுகளைச் செய்து தந்தது. கணக்கெடுப்பவர் கேட்கிறார், உடன் வரும் பதிவாளர் முன்னரே ஏற்றப்பட்ட படிவத்தில் பதிகிறார். அக்கருவியின் செயலி வேகத்தை எவரும் பேசியதாக நினைவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று டெல்லியில் ‘ஆகாஷ்’ வெளியானது. இந்தக் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான், விரிக்கப் போவதில்லை. உலகின் மலிவான டேப்லெட் என்ற அடைமொழியே அதன் நோக்கமாகவும் ஆகிவிட்டது. 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம், அழுத்தினால்தான் உணரும் திரை, மூன்று மணி நேரத்தை எட்டாத மின்கலம். விமர்சித்தவர்களும் எண்களால் விமர்சித்தார்கள். அடுத்த பதிப்பு கூடுதல் எண்களோடு வந்தது. மாணவர் எந்தப் பாடத்தை எந்த மொழியில் படிப்பார் என்பது இந்தச் சண்டையில் ஓரத்துக்குப் போய்விட்டது. முதல் ஆகாஷில் இருந்த ஆண்ட்ராய்டு 2.2இல் தமிழ் எழுத்துரு இயல்பாக இல்லை. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டங்கள்தாம் வரிசை கட்டி நிற்கும். ஓபரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லி, அப்படித் தமிழ் படித்த தலைமுறை நாம்.

மொழியியல் படித்தவள் என்பதால் எனக்கு உறுத்துவது இதுதான்: ஒரு கருவி உங்கள் எழுத்தைக் காட்டுமா, உங்கள் மொழியில் எழுத விடுமா என்பதற்கு விவரப்பட்டியலில் நெடுங்காலம் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. 2005 தைப்பொங்கலின்போது சிங்கப்பூரில் முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ வெளியாகி, கைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தபோது, அதே வன்பொருள் தமிழர் கையில் வேறொரு கருவியாயிற்று. எந்த எண்ணும் மாறவில்லை.

நான் வசிக்கும் புனே கராடியில் இந்த வரலாறு அன்றாடம் குறுக்கே வருகிறது. தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களைச் சுற்றி வளர்ந்த பகுதி. கைபேசிக் கடைகளின் பலகைகளில் ரேமும் மெகாபிக்சலும் ஒளிர்கின்றன. அடுக்கக வாயில்களில் நிற்கும் காவலர் கையில் ஒரு கைபேசி இருக்கிறது. வருவோர் பெயரை அதில் பதிந்து வீட்டுக்காரரின் ஒப்புதலைப் பெற வேண்டும். நண்பகல் வெயிலில் திரை தெரிய வேண்டும், பன்னிரண்டு மணி நேரப் பணி முடியும்வரை மின்கலம் தாங்க வேண்டும், மழையில் ஈர விரலுக்கும் அது இணங்க வேண்டும். உணவு கொண்டுவரும் இளைஞருக்கோ மின்கலம் தீர்ந்தால் அன்றைய கூலியே நின்றுவிடும்.

இங்கு பணிபுரியும் தமிழ்த் தோழி ஒருவர் விருதுநகரில் இருக்கும் தம் அம்மாவுக்குப் புதிய கைபேசி வாங்க வேண்டும் என்றார். நாற்பதாயிரம் ரூபாய் வரை ஒதுக்கி, மூன்று மாதிரிகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணையும் போட்டிருந்தார். அம்மா என்னென்ன செய்வார் என்று கேட்டேன். மகளோடு காணொளியில் பேசுவார், வாட்ஸ்அப் குரல் செய்தி அனுப்புவார், நவம்பரில் குடும்ப ஓய்வூதியத்துக்கான வாழ்வுச் சான்று. கணவர் ரயில்வேயில் இருந்து மறைந்தவர். அந்த ஓய்வூதியம்தான் அம்மாவின் வருமானம். ரேகை தேய்ந்துவிட்டதால் விரல் வைக்கும் கருவி அவரை ஏற்க மறுத்திருக்கிறது.

இங்கே ஓர் எண் உண்மையிலேயே வேண்டும். 2021 முதல் ஜீவன் பிரமாண் திட்டத்தில் முகத்தைக் காட்டியே சான்றளிக்கலாம். அதற்கு முன்பக்கக் கேமரா குறைந்தது 5 மெகாபிக்சல் இருக்க வேண்டும், ஆண்ட்ராய்டு பதிப்பும் மிகப் பழையதாக இருக்கக் கூடாது. என் துறையிலும் அப்படித்தான். மராத்தியில் ‘ச’ வரிசை எழுத்து ஒன்றுக்கே இரண்டு ஒலிகள் உண்டு. ‘சார்’ என்னும் எண்ணுப்பெயரில் நம் ‘ச்ச’ போன்றது, ‘சம்சா’ என்னும் கரண்டிப்பெயரில் ‘த்ஸ’ போன்றது. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும் ஆற்றலில் பெரும்பகுதி உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. பழைய கைபேசிகளின் ஒலிப்பதிவு 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். கள ஆய்வுக்கு அது உதவாது. 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் சுருக்காமல் பதியும் எளிய பதிவுக்கருவி போதும். 108 மெகாபிக்சல் கேமரா அந்த ‘த்ஸ’வைக் கேட்காது.

தோழியின் அம்மா வைத்திருந்த பழைய கைபேசியின் முன்பக்கக் கேமரா 8 மெகாபிக்சல், ஆண்ட்ராய்டு 10. குறை மின்கலத்தில் மட்டுமே இருந்தது, மதியத்துக்குள் அணைந்துவிடும். விருதுநகரிலேயே அதை மாற்றினார்கள். எழுத்தைப் பெரிதாக்கி, முகப்பில் மகளின் படத்தைத் தொட்டால் அழைப்பு போகும்படி அமைத்துக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெண். நவம்பர் இரண்டாம் வாரத்தில், சன்னலோர வெளிச்சத்தில், இரண்டாவது முயற்சியில் சான்று பதிவாயிற்று.