பதின்மூன்று புகைபோக்கிகள்

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளுக்காகப் போடும் மேடை நாடகங்களில் டிக் விட்டிங்டன் கதைக்குத் தனி இடம் உண்டு. கிராமத்திலிருந்து நடந்தே லண்டன் வந்து சேரும் அநாதைப் பையன். அவனிடம் இருப்பதெல்லாம் ஒரு பூனை. எலித் தொல்லையால் தவிக்கும் தூர தேசத்து ராஜா அந்தப் பூனையைப் பொன் கொடுத்து வாங்கிக்கொள்ள, பையன் பெரும் பணக்காரனாகிறான், லண்டன் மேயராகவும் ஆகிறான்.

நிஜமான ரிச்சர்ட் விட்டிங்டன் அநாதையும் இல்லை, ஏழையும் இல்லை. குளோஸ்டர்ஷயரில் பான்ட்லி என்ற ஊரில் நிலபுலன் உள்ள குடும்பத்தின் இளைய மகன். சொத்தெல்லாம் மூத்தவனுக்கே போகும் என்பதால் பிழைப்பைத் தேடி லண்டன் வந்து ஜவுளி வியாபாரம் கற்றுக்கொண்டார். வெல்வெட்டும் பட்டும் ராஜாவின் அரண்மனைக்கே விற்றார். பிறகு ராஜாக்களுக்கே கடன் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்தார். பூனைக்கு மட்டும் எந்த ஆவணமும் இல்லை. அவர் காலமாகி 180 வருடம் கழித்து, 1605 வாக்கில்தான் இந்தக் கதை மேடையில் தலைகாட்டுகிறது.

அவர் பெயரில் ஏற்பட்ட முதியோர் இல்லமோ கதையல்ல. 600 வருடமாக நடந்துவருகிறது. அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பார்த்துக்கொள்வது ஜவுளி வணிகர்களின் சங்கமான மெர்சர்ஸ் கம்பெனி.

இந்தச் சங்கத்துக்கு 1394-ல் இரண்டாம் ரிச்சர்ட் அரசர் சாசனம் வழங்கினார். வணிகர் சங்கத்துக்கு அரச சாசனம் என்றால் விலை நிர்ணயம், போட்டியாளரை ஒடுக்குவது என்றுதான் நமக்குத் தோன்றும். அதெல்லாம் நடக்காமல் இல்லை. ஆனால் சாசனம் சொல்லும் காரணம் வேறு. கப்பல் மூழ்கியும் வேறு விபத்துகளாலும் முதலை இழந்து நொடித்துப்போன சங்கத்தார் பலர் இருக்கிறார்கள்; அவர்களைக் காப்பாற்ற ஆண்டுக்கு 20 பவுன் வருமானம் தரும் நிலத்தைச் சங்கம் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. சட்டத்தின் கண்ணில் அந்தச் சங்கம் பிறந்ததே நொடித்தவனுக்குச் சோறு போடத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

விட்டிங்டன் நான்கு தடவை மேயராக இருந்தார். 1397-ல் பதவியில் இருந்த மேயர் இறந்துபோக, ராஜாவே அவரை நியமித்தார். அதன்பின் அதே ஆண்டிலும், 1406-லும், 1419-லும் தேர்வானார். மனைவி ஆலிஸ் முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. 1423 மார்ச்சில் அவர் கண் மூடியபோது விட்டுச்சென்றது ஏறக்குறைய 7000 பவுன். அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை.

அந்த மரணப் படுக்கையின் சித்திரம் ஒன்று மெர்சர்களின் ஏட்டில் இருக்கிறது. எலும்பும் தோலுமாய்க் கட்டிலில் ஒரு மனிதர். பக்கத்தில் உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவர்கள். பின்னால் வைத்தியர் ஒருவர் நோயாளியின் சிறுநீர்க் குடுவையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கட்டிலின் கால்மாட்டில் இல்லத்து ஏழைகள் கூட்டமாக நிற்கிறார்கள். முன்னால் நிற்பவர் கையில் ஜெபமாலை. உண்மையில் அவர் சாகும்போது அந்த இல்லமே கிடையாது. வரைந்தவர் பின்னால் வரப்போகிறவர்களையும் கூட்டிக்கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

பொறுப்பாளர்களில் முக்கியமானவர் ஜான் கார்ப்பென்டர், லண்டன் நகரசபையின் தலைமை எழுத்தர். நகரத்தின் பழைய சட்டதிட்டங்களைத் தொகுத்து 1419-ல் ‘லைபர் ஆல்பஸ்’ என்ற பெரும் ஏட்டை உருவாக்கியவர். கொடுத்தவர் பேரை ஊர் சொல்லும். கொடுத்தது கரையாமல் இருக்க வழி செய்தவர் பேரை யாரும் சொல்வதில்லை. எனக்கென்னவோ இந்தக் கதையின் நாயகன் கார்ப்பென்டர்தான் என்று தோன்றுகிறது.

விட்டிங்டன் பணத்தில் நியூகேட் சிறை திரும்பக் கட்டப்பட்டது. புனித பார்த்தலோமியு மருத்துவமனை பழுதுபார்க்கப்பட்டது. கில்ட்ஹாலில் ஒரு நூலகம் வந்தது. தேம்ஸ் கரையில் ஒரு பொதுக் கழிப்பறையும் அவர் பெயரில் இருந்தது: 128 இருக்கைகள், ஆணுக்கு 64, பெண்ணுக்கு 64. ஆற்றில் ஓதம் ஏறி இறங்கும்போது அடியில் சேர்ந்ததை அடித்துக்கொண்டு போய்விடும். அதற்கு மேல்தளத்தில் ஏழைகளுக்கான அறைகள் வேறு! நூலகத்துக்குக் கொடுக்க ஆயிரம் பேர் முன்வருவார்கள். கழிப்பறைக்குக் கொடுக்க ஒரு பெரிய மனசு வேண்டும்.

முதியோர் இல்லத்துக்கான விதிகள் 1424-ல் எழுதப்பட்டன. புனித மைக்கேல் தேவாலயத்தை அடுத்து, இன்று காலேஜ் ஹில் என்று அழைக்கப்படும் தெருவில் இடம். உள்ளே 13 பேர். அவர்களில் ஒருவர் தலைவர். அவருக்கு வாரம் 16 பென்ஸ், மற்றவர்களுக்கு 14. இடம் காலியானால் நொடித்துப்போன மெர்சர்களுக்கு முன்னுரிமை, பிறகு மற்றவர்களுக்கு. உடுப்பு கருமை கலந்த பழுப்பு நிறத்தில், மலிவான துணியில் இருக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறம் கூடாது. பட்டு விற்றவரின் பணத்தில் வாழ்பவர்களுக்கு இப்படி ஒரு விதி! குடித்துவிட்டுத் திரியக் கூடாது. எங்கிருந்தாவது சொத்து வந்து சேர்ந்தால் இடத்தை அடுத்தவருக்கு விட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

பணமும் பத்திரமும் வைக்கும் பொதுப்பெட்டிக்கு மூன்று சாவிகள். ஒன்று தலைவரிடம், ஒன்று வயதில் மூத்தவரிடம், மூன்றாவது ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஒருவரிடம். மூவரும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். கோயில் உண்டியல் விவகாரங்களைப் பத்திரிகையில் படித்து வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாட்டின் அருமை சொல்லாமலே விளங்கும்.

எனக்குப் பிடித்த விதி இன்னொன்று. 13 பேருக்கும் ஆளுக்கொரு தனி அறை, ஒவ்வொன்றிலும் புகைபோக்கி. ஏழைகளை ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்க வைப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். இங்கே ஒவ்வொருவருக்கும் கதவு, அடுப்பு, தானே மூட்டிக்கொள்ளும் நெருப்பு. இத்தனைக்கும் பதிலாகக் கேட்டது விட்டிங்டன், ஆலிஸ் இருவரின் ஆன்மாவுக்காகத் தினசரி ஜெபம்.

சரி, இதை யாரிடம் ஒப்படைப்பது? பொறுப்பாளர்களும் ஒருநாள் போய்ச் சேருவார்கள். அந்தக் காலத்தில் நம் கோயில்களில் நந்தா விளக்கு எரியத் தேவையான நெய்க்காக ஆடு விடுவார்கள்; 90 ஆடு, 96 ஆடு என்று கல்வெட்டுகளில் கணக்கு இருக்கும். தனித்தனி ஆடு சாகும், மந்தை சாகாது என்பதால் அவை ‘சாவா மூவாப் பேராடு’. கார்ப்பென்டர் தேடியதும் அப்படியொரு மந்தையைத்தான். அது மெர்சர்ஸ் சங்கமாக அமைந்தது. வாடகை வரும் லண்டன் வீடுகளை மூலதனமாக வைத்து, மேற்பார்வையை அவர்களிடம் கொடுத்தார்கள்.

மந்தைக்கும் நோய் வராமல் இல்லை. 1548-ல், ஆறாம் எட்வர்ட் காலத்தில், இறந்தவருக்காக ஜெபிக்கும் அமைப்புகளெல்லாம் மூடநம்பிக்கை என்று கலைக்கப்பட்டன. விட்டிங்டன் ஏற்படுத்திய குருமார் கல்லூரியும் போயிற்று. இல்லம் தப்பியது: ஜெபம் நின்றது, கூரை நின்றபடி நின்றது. அதே காலத்தில் ஒரு பாதிரியார், பணக்காரன் ஆயிற்றே, புதையல் இருக்கும் என்று விட்டிங்டன் கல்லறையைத் தோண்டிப் பார்த்தார் என்று வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டோவ் எழுதிவைத்திருக்கிறார். கிடைத்தது உடலைச் சுற்றியிருந்த ஈயத் தகடுதான். அதையும் எடுத்துக்கொண்டார். அடுத்து மேரி அரசி பட்டத்துக்கு வந்ததும், ஊரார் மறுபடி தோண்டி, மறுபடி ஈயம் சுற்றி அடக்கம் செய்தார்கள். ஆக மூன்று அடக்கம். 1666 பெருந்தீயில் இல்லமும் தேவாலயமும் எரிந்து, திரும்பக் கட்டப்பட்டன.

சங்கத்தைக் கிட்டத்தட்ட விழுங்கியது நல்லெண்ணத்தில் பிறந்த இன்னொரு திட்டம். 1699-ல் அஷெட்டன் என்ற பாதிரியாரின் யோசனைப்படி விதவைகளுக்கு ஓய்வூதியம் தரத் தொடங்கினார்கள். கணவன் உயிரோடிருக்கும்போது 100 பவுன் கட்டினால், அவன் போனபின் மனைவிக்கு ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 30 பவுன். மூன்றே முக்கால் வருடம்கூட வேண்டாம், கட்டியதெல்லாம் திரும்பி வந்துவிடும்! ஆயுள் கணக்குப் போடத் தெரியாமல் கொடுத்த வாக்கு. 1745-ல் பணம் கொடுக்க முடியாமல் நிறுத்தினார்கள். 1748-ல் பாராளுமன்றம் தலையிட்டு உதவியிருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு நெருக்கடி. லண்டனின் இத்தகைய சங்கங்களுக்கும் அவற்றின் தொழிலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாகிவிட்டது. நிலத்தின் மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பணத்தில் விருந்து சாப்பிடுகிறார்கள் என்று ஊரே பேசியது. பேச்சில் உண்மையும் இருந்தது. 1880-ல் கிளாட்ஸ்டன் அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1878-ல், 16 சங்கங்கள் லண்டன் நகரசபையோடு சேர்ந்து தொழிற்கல்விக்கு ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தன. நம்மூரிலும் இலங்கையிலும் தொழில் படித்தவர்கள் அறிந்த சிட்டி அண்ட் கில்ட்ஸ் அதுதான். மடியில் கனம் இருந்ததால் வழியில் பயம் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். பயத்தில் செய்த நல்லதும் நல்லதே.

கார்ப்பென்டர் தன் சொத்தையும் விட்டுச்செல்லத் தவறவில்லை. நான்கு ஏழைப் பையன்களைப் படிக்க வைக்க என்று எழுதி வைத்தார். அந்த நிலத்தின் வருமானம் பெருகிப் பெருகி, 1837-ல் சிட்டி ஆஃப் லண்டன் ஸ்கூல் என்ற பெரிய பள்ளியாக நின்றது.

இல்லம் இரண்டு தடவை இடம் மாறியிருக்கிறது. 1820-களில் நகரத்து நெரிசலை விட்டு வடக்கே ஹைகேட் பக்கம் ஆர்ச்வே. அங்கே சாலையை அகலப்படுத்தவேண்டி வந்ததால் 1966-ல் கிழக்கு கிரின்ஸ்டெட்டை ஒட்டிய ஃபெல்பிரிட்ஜ். இப்போது அது தோட்டத்துக்கு நடுவே வரிசையாகச் சிறு வீடுகள். பெயர் இன்றும் விட்டிங்டன் காலேஜ். மெர்சர்ஸ் கம்பெனியின் மண்டபம் 1941-ல் குண்டுவீச்சில் போய், 1958-ல் திரும்ப எழுந்தது. கோவென்ட் கார்டன் பக்கம் லாங் ஏக்கர் தெருவில் கடைகளும் வீடுகளும் அவர்களுக்குச் சொந்தம். அந்த வாடகையிலிருந்து பள்ளிகளுக்கும், தனித்துக் கிடக்கும் முதியவர்களுக்கு உதவும் அமைப்புகளுக்கும் பணம் போகிறது. 1509-ல் ஜான் காலெட் மெர்சர்களின் பொறுப்பில் விட்ட புனித பால் பள்ளியின் நிர்வாகத்தில் இன்றும் அவர்களுக்குப் பங்குண்டு.

லண்டனில் இப்படிப்பட்ட சங்கங்கள் இப்போது 110-க்கும் மேல். வரிசையில் முதலிடம் மெர்சர்களுக்கு. 1515-ல் முடிவான அந்த வரிசைக்காக இப்போது யாரும் சண்டை போடுவதில்லை. உறுப்பினர்களில் பலர் அப்பா மெர்சர் என்பதால் மெர்சர் ஆனவர்கள். ஜவுளி விற்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பிறப்பால் வரும் சலுகை இது, எனக்கு உவப்பில்லை. ஃபெல்பிரிட்ஜில் வீடு கேட்டு வரும் முதியவர் அதைப் பற்றி யோசிப்பாரா என்ன? அவரிடம் கேட்பது வயதும், கையில் இருக்கும் வசதி எவ்வளவு குறைவு என்பதும்தான். யாருடைய ஆன்மாவுக்காகவும் ஜெபிக்கச் சொல்வதில்லை.