மட்டிப்பழமும் நாஞ்சில் நாட்டுக் கடைத்தெருவும்

கிரேக்கப் புவியியலாளர் தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் குறிப்பிடும் ‘கொட்டியாரா’ இன்றைய கோட்டாறே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அத்துணைப் பழமையான வணிகத் தலம் அது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கிய நாஞ்சில் நாடு, 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. அதன் பின்னரும் கோட்டாறு கம்போளத்திலும் வடசேரிச் சந்தையிலும் சரக்கெடுத்தே சுற்றுவட்டார ஊர்க்கடைகள் நடந்தன. அக்கடைகளின் முகப்பில் தொங்கிய வாழைக்குலைகள் ஒரு வரலாற்றைச் சொல்கின்றன.

ஏத்தன், செந்துளுவன், பாளையங்கோடன், ரசகதலி, பேயன், மட்டி எனக் குலைகள் பலவகை. உப்பேரிக்கு ஏத்தன், பால்மறக்கும் குழந்தைக்கு மட்டி. மட்டி சிறிய பழம், தோல் மெல்லியது, மணமோ வீடு நிறையும். ஆயினும் பழுத்தபின் நெடுநாள் நிற்காது. நெடுவழிப் பயணத்தையும் தாங்காது. ஊர்க்கடைக்காரர் இதை அறிவார். இன்றைக்கா, நாளைக்கா என்று கேட்டே சீப்பைப் பிரித்துத் தருவார். அந்தக் கேள்வியில் ஒரு தொழிலறிவு இருந்தது.

1996இல் சென்னையில் ஃபுட்வேர்ல்டும், 1997இல் சுபிக்ஷாவும் தொடங்கின. 2006இல் ரிலையன்ஸ் ஃபிரெஷ் வந்தது. இதனிடையே 1999இல் தமிழக அரசு, இடைத்தரகரின்றி விளைபொருளை விற்க உழவர் சந்தைகளைத் திறந்தது. பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை 2012இல் மத்திய அரசு அனுமதித்தபோது தமிழக அரசு அதை ஏற்க மறுத்தது. ஆனால் பேரங்காடி வருவதற்கு அந்நிய முதலீடு தேவைப்படவில்லை. உள்ளூர்ப் பணமே போதுமானதாக இருந்தது.

பேரங்காடி கேட்பது ஒரே அளவு, ஒரே நிறம், அடுக்கில் சில நாள் வாடாது கிடக்கும் உறுதி. தேனிப் பக்கத்திலிருந்து வரும் ஜி-9 வாழை இம்மூன்றையும் நிறைவு செய்கிறது. காயாகவே வெட்டி, அறையில் எத்திலீன் வாயுவால் பழுக்கவைத்தால் சீரான மஞ்சள் கிடைத்துவிடும். மட்டி இத்தேர்வில் தோற்கிறது. சுவையில் அதற்குக் குறைவில்லை, காத்திருக்கத்தான் தெரியவில்லை. ‘தரம்’ என்ற சொல்லின் பொருளே நாவிலிருந்து அடுக்குக்கு மாறிவிட்டது. விற்பதைத்தானே உழவர் நடுவார்?

சிறுகடையைப் புனிதப்படுத்துவது நம் நோக்கமன்று. பட்டினப்பாலை போற்றும் புகார் வணிகரைப் போல எல்லாக் கடைக்காரரும் நேர்மையாளராக இருந்ததில்லை. எடைக்குறைவும் கலப்படமும் நாம் கண்டவையே. 1998இல் தில்லியில் கலப்படக் கடுகெண்ணெய் உயிர்களைப் பறித்த பின்னரே, எண்ணெயைப் பொதியில் அடைத்து விற்கும் ஆணை வந்தது. அச்சிட்ட விலையும் தேதியும் வாங்குவோருக்குக் கிடைத்த நன்மைகள். நாமும் பேரங்காடிக்குப் போகிறோம். ஆயினும் செக்கிலிருந்து தேங்காயெண்ணெய் வாங்கி நாழியால் அளந்து விற்றவருக்குப் பொதியும் முத்திரையும் பெருஞ்சுமை என்பதையும் மறுக்க இயலாது.

இன்னொன்று, பற்று நோட்டு. அறுப்பு முடியும்வரை வயற்கூலிக் குடும்பங்களையும், மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்கரைக் குடும்பங்களையும் அரிசி, பருப்புத் தந்து தாங்கியது அதுவே. ரசீது இயந்திரத்துக்கு முகம் தெரியாது. கடன் சொல்ல இயலாது. நாடெங்கும் ஏறத்தாழ 1,600 கடைகள் வைத்திருந்த சுபிக்ஷா 2009இல் சில மாதங்களில் முடங்கியது. பெருநிறுவனமும் நிலையன்று. ஆனால் அதன் போட்டியில் மூடிய சிறுகடை, அது போனபின் தானே திறந்துகொள்வதில்லை.

2023இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. குறியீடு பெயரைக் காக்கும். பழத்தைக் காக்க, அது எந்நாளில் பழுக்கும் என்றறிந்த கடைக்காரரும், இரண்டு நாளில் தின்று தீர்க்கும் வீடும் வேண்டும். எங்கள் தெருக்கடையில் மட்டிக்குலை இப்போது எப்போதாவதுதான் தொங்குகிறது. தொங்கும் நாளில் நாம் ஒரு சீப்பு வாங்கிவிடுகிறோம்.