செம்மரம் போன வழி

திருத்தணிக்கு வடமேற்கே கார்வேட்டிநகரம். திருத்தணியும் ஒருகாலத்தில் இந்த ஊரின் ஜமீனைச் சேர்ந்ததுதான். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை எல்லாமே வட ஆர்க்காடு. வேணுகோபாலசுவாமி கோயிலுக்காகவும் வாக்கேயக்காரர் சாரங்கபாணியின் பதங்களுக்காகவும் இந்த ஊரை அறிந்தவர்கள் பலர். எனக்கு இந்த ஊர் என்றதும் நினைவுக்கு வருவது அதைச் சுற்றியுள்ள கற்குன்றுகளில் வளரும் செம்மரம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி, அதாவது சித்தூர், திருப்பதி, கடப்பா, நெல்லூர் பக்கத்து வறண்ட காடுகளும் அவற்றை ஒட்டிய சில இடங்களும்தான் இந்த மரத்தின் பிறப்பிடம். உலகில் வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை. பட்டை முதலைத் தோல்போல் வெடித்திருக்கும். தெலுங்கில் எர்ரசந்தனம் என்பார்கள், ஆனால் சந்தன வாசனை துளியும் கிடையாது. மண் குறைந்த பாறைச் சரிவில் மெல்ல மெல்ல வளர்ந்து வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். நல்ல வைரக்கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்.

ஐரோப்பா இதைச் சாயமாகத்தான் வாங்கியது. இடைக்காலத்து ஆங்கிலச் சமையற்கட்டுகளில் இதன் தூள் சோற்றுக்கும் குழம்புக்கும் சிவப்பு ஏற்றியது, துணிச்சாயமாகவும் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சாயங்கள் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

மரத்தை மரமாக மதித்தவர்கள் சீனர்கள். அவர்கள் ஸிதான் என்று போற்றும் மரத்துக்கு 2000ஆம் ஆண்டு வகுத்த சீன தேசியத் தரநிலை, அந்தப் பெயருக்கு உரியதாக இந்த ஒரே மரத்தைத்தான் ஏற்றுக்கொண்டது. சிங் வம்ச அரசவையின் பட்டறைகளில் சிம்மாசனம், எழுதுமேசை, திரைச்சட்டம், நகைப்பேழை என்று எல்லாவற்றுக்கும் ஸிதானே முதல் மரியாதை. ஆணி கிடையாது. ஒரு கட்டையில் துளை, மற்றதில் அதற்குள் இறுகப் போய் உட்காரும் நாக்கு. அந்தப் பிடிப்பிலேயே நாற்காலி நூற்றாண்டுகள் நிற்கும். வரி நெருக்கமான மரம் என்பதால் உளி எவ்வளவு நுணுக்கமாகப் போனாலும் பிசிறு எழாது. மேகமும் தாமரையும் டிராகனின் செதிலும் கூர்மையாகவே இருக்கும். வண்ணம் பூசி மறைக்க மாட்டார்கள், மெழுகு தேய்த்தால் போதும். வயதான மரத்தின் நடு பெரும்பாலும் பொக்கையாகிவிடும் என்பதால் அகலப் பலகை அபூர்வம். சின்னத் துண்டைக்கூடத் தச்சர்கள் வீணாக்கவில்லை.

இந்தக் கைவேலையின் உச்சத்தைப் பெய்ஜிங் அரண்மனையில், சியான்லோங் பேரரசர் ஓய்வுக்காலத்துக்கென்று 1771 முதல் 1776 வரை கட்டிய வளாகத்தில் பார்க்கலாம். அங்குள்ள ஜுவான்சின்ஜாய் மண்டபத்தின் உட்புறத்தில் ஸிதான் சட்டங்களோடு ஜேட் கல்லும் மெல்லிய மூங்கில் இழைகளும் பதித்திருக்கிறார்கள். 2008இல் முடிந்த சீரமைப்புக்காக, மூங்கில் வேலை தெரிந்த கைகளைத் தென்சீனத்தில் தேடிப் பிடித்தார்கள். பொருளோடு வித்தையையும் காப்பாற்றினார்கள் என்பதால் எனக்கு அந்தச் சீரமைப்பின் மேல் பெரிய மதிப்பு.

ஜப்பானில் இதே மரம் ஷாமிசென் என்னும் நரம்பு வாத்தியத்தின் கழுத்தானது. நம் பக்கத்தில் அது மரப்பாச்சி. கொலுப் படியில் ராஜா ராணியாக நின்றது, மகளுக்குச் சீதனமாகப் போனது, பல் முளைக்கும் குழந்தை கடித்தது. வீக்கம் என்றால் பாட்டிமார் அந்தப் பொம்மையையே கல்லில் உரைத்துப் பற்றுப் போட்டார்கள்.

விலை ஏறியதும் காட்டில் கோடரி விழத் தொடங்கியது. 1995இல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் சேர்ந்தது. சர்வதேசச் சந்தைக்குக் கட்டுப்பாடு வந்தது. கடத்தல் நிற்கவில்லை. ஜவ்வாது மலையிலிருந்தும் தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் தரகர்கள் கூலிக்கு ஆள் கூட்டிப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் தமிழ்த் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாற்காலி செய்தவனுக்குப் பெயர் உண்டு, உட்கார்ந்தவனுக்கு வரலாறு உண்டு. மரத்தைச் சுமந்தவனுக்கு இரண்டும் இல்லாமற்போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

பறிமுதலான கட்டைகளை ஆந்திர அரசு உலகளாவிய ஏலத்தில் விற்கிறது. கப்பலேறுவது முழு மரம். அதன் மதிப்பைப் பல மடங்காக்கும் கைவேலை வேறு நாட்டில் நடக்கிறது. காளஹஸ்திக்கு அருகே மாதவமாலாவில் தலைமுறை தலைமுறையாக மரத்தில் தெய்வ உருவங்கள் செதுக்குகிறார்கள். திருப்பதியிலும் அந்த வித்தை இருக்கிறது. ஏலக் கட்டையில் ஒரு பங்கை, சிறு துண்டுகளையாவது, உரிமச் சீட்டோடு நியாய விலையில் இவர்களுக்கு ஒதுக்க வேண்டும். ஆந்திர வனத்துறை இதை உடனே செய்ய வேண்டும்.