ரூமி எழுத்தில் தமிழர் பெயர்கள்

கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங் என்னும் சிற்றூரின் பெயரே எழுத்துச் சிக்கலுக்கு நல்லதொரு சான்றாகும். 1972ஆம் ஆண்டில் மலாய் மொழியின் ரூமி எழுத்துமுறை சீர்திருத்தப் பெற்றபோது, 'சி', 'எச்' என்னும் ஈரெழுத்துக்கு மாற்றாகச் 'சி' என்னும் ஓரெழுத்தே அவ்வொலிக்கு உரியதாயிற்று. எனினும் பிரிஞ்சாங் தன் பழைய 'எச்' எழுத்தை விடவில்லை. தமிழில் எழுதும்போதோ, மெல்லினத்தை அடுத்த வல்லினம் மெலிந்தொலிக்கும் இயல்பினால், மலாய்க்காரர் வாயில் இல்லாத ஓர் ஒலி அதனுள் புகுந்துவிடுகிறது. ஊர்ப்பெயருக்கே இந்நிலை என்றால் ஆட்பெயருக்குக் கேட்க வேண்டுமா?

1929இல் ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இம்மலையில் கொழுந்து பறிக்க வந்த தமிழருள் பலர் தம் பெயரை நாவில் கொண்டுவந்தனரேயன்றித் தாளில் கொண்டுவரவில்லை. அதைத் தாளில் ஏற்றியவர் கிராணியார். மலாயாத் தோட்டங்களில் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் அப்பணியில் மிகுந்திருந்தனர். காதில் விழுந்ததை அவர்கள் ஆங்கில எழுத்தில் எழுதினர். 'லெட்சுமி' என்று ஒலித்த பெயரை 'எல், இ, டி, சி, எச்' எனத் தொடங்கி எழுதியதைத் திரிபு என்று இகழ்வார் உளர். அது முறையன்று. வடமொழி வடிவைக் காட்டிலும் தமிழர் நாவில் வழங்கிய வடிவையே அவ்வெழுத்து உண்மையாகப் பதிந்து வைத்துள்ளது. வடசொல் தமிழெழுத்துக்கு இசைந்து வரவேண்டும் என்ற தொல்காப்பியருக்கும் அஃது உடன்பாடாகவே இருந்திருக்கும்!

ககரத்தின் கதை இன்னும் சுவையானது. மலேசிய அமைச்சராக விளங்கிய ஆதி நாகப்பனார் தம் பெயரின் நடுவே 'எச்' எழுத்தை வைத்திருந்தார். மற்ற நாகப்பர்களோ 'ஜி' எழுத்தை வைத்துக்கொண்டனர். உயிர்களுக்கு இடையே ககரம் மென்மையாக ஒலிப்பதால் இரண்டிற்கும் நியாயம் உண்டு. சாமிவேலு அவர்களின் பெயரிலோ ஒரு லகரம் ஆங்கிலத்தில் இரண்டாயிற்று.

கடல் கடந்த தமிழர் எங்கும் இதே நிலைதான். தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் உகரத்திற்கு 'ஓ', 'யு' என ஈரெழுத்து இட்டனர். எபிரேய மக்களின் வரலாறும் இதற்கு ஒப்பானது. உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதாத மொழி அவர்களுடையது. எனவே குருமரபைக் குறிக்கும் ஒரே பெயர், குடியேறிய நாட்டிற்கேற்பக் கோகென், கான், கோகன் எனப் பலவாயிற்று.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றிருந்தால் கவலையில்லை. 1948இல் அவசரகாலம் பிறந்ததும் அடையாள அட்டை வந்தது. 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. 1957இல் விடுதலையோடு குடியுரிமை வினா எழுந்தது. மூன்றிற்கும் பெயரே திறவுகோல். பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும் அட்டையில் வேறொருவாறும் எழுதப்பட்டவர், அவரும் இவரும் ஒருவரே எனச் சத்தியப் பிரமாணம் செய்து மெய்ப்பிக்க வேண்டியவரானார். கணவனின் சேமநிதியைக் கோரி நிற்கும் எழுத்தறியாக் கைம்பெண்ணுக்கு அந்த ஓரெழுத்து மலையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அறிஞர் ஒருமுறை வகுக்கவில்லையா எனின், வகுத்தனர். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, எழுத்தின் மேலும் கீழும் கோடும் புள்ளியும் இட்டு ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டியது. பதிவு அலுவலகத் தட்டச்சுப் பொறியில் அப்புள்ளிகளுக்கு இடமேது? தமிழக அரசு 2020இல் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் மாற்றி ஆணை வெளியிட்டது. வேலூரின் ஏகாரத்திற்கு இரண்டு 'இ' இட்டனர். ஆங்கிலம் கற்றோர் அதை 'வீலூர்' என்று படித்தனர். சூன் திங்களில் வெளிவந்த ஆணை அத்திங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

தமிழாசிரியர் எதிர்கொள்வது இதன் மறுதலை. ரூமியில் எழுதிய பெயரைத் தமிழில் மீட்க வேண்டும். மாறன் பாண்டியன், மாரன் காமன், ரூமியில் இருவரும் ஒருவரே. குமரனும் குமாரனும் அவ்வாறே. பிறப்புச் சான்றிதழ் இதற்கு விடை தராது. முதலாம் ஆண்டு மாணவனின் பெயரை ஏட்டில் எழுதுமுன், பெற்றோரிடம் அப்பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்பதும், இயன்றால் அவர்கள் கையாலேயே தமிழில் எழுதி வாங்குவதுமே வழி.