வெஸ்பாசியன்

வெஸ்பாசியன் (கி.பி. 9 – 79) ரோமப் பேரரசர்களில் ஒன்பதாமவர், ஃபிளேவிய மரபைத் தொடங்கியவர். இயற்பெயர் டைட்டஸ் ஃபிளேவியஸ் வெஸ்பாசியானஸ். பேரரசர் நீரோவின் மறைவுக்குப் பின் மூண்ட உள்நாட்டுப் போரை முடிவுக்குக் கொண்டுவந்து, கி.பி. 69 முதல் 79 வரை ஆட்சி செய்தார். காலியான கருவூலத்தை நிரப்பியதும், கொலோசியத்தைக் கட்டத் தொடங்கியதும், உயர்குடிப் பிறப்பு இல்லாதவரும் பேரரசர் ஆகலாம் என்று நிலைநாட்டியதும் இவருடைய ஆட்சியின் முதன்மையான விளைவுகள்.

பிறப்பும் குடும்பமும்

ரோமுக்கு வடகிழக்கே, சபைன் மலைநாட்டு நகரான ரியாட்டேவை அடுத்த ஃபலக்ரினே என்னும் சிற்றூரில் கி.பி. 9 நவம்பர் 17 அன்று பிறந்தார். பாட்டனார் பெட்ரோ, தளபதி பாம்பேயின் படையில் செஞ்சூரியனாக (நூற்றுவர் தலைவராக) இருந்து, பிற்காலத்தில் ஏலங்களில் பணம் வசூலிக்கும் வேலை பார்த்தவர். தந்தை ஆசியா மாகாணத்தில் வரி வசூலித்தார். பின்னர் ஹெல்வேஷியர் நாட்டில் வட்டிக்குக் கடன் கொடுத்து வாழ்ந்தார். தாய் வெஸ்பாசியா பொல்லாவின் குடும்பம் சற்று மதிப்பு வாய்ந்தது. அண்ணன் சபைனஸ் முன்னதாகவே அரசியலில் நுழைந்துவிட, தாயின் வற்புறுத்தலால்தான் வெஸ்பாசியனும் செனட்டர் ஆகும் பாதைக்கு வந்தார்.

ஃபிளேவியா டொமிட்டில்லாவை மணந்தார். டைட்டஸ், டொமிஷியன் என்ற இரு மகன்களும் ஒரு மகளும் பிறந்தனர். மனைவி, அவர் அரியணை ஏறுமுன்பே இறந்துவிட்டார். அதன்பின், அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்ற கேனிஸ் என்ற பெண்ணுடன் வாழ்ந்த வெஸ்பாசியன், பேரரசர் ஆன பிறகும் அவரை ஏறத்தாழ மனைவியாகவே மதித்தார்.

படைப்பணி

கி.பி. 43இல் பேரரசர் கிளாடியஸ் பிரிட்டன்மீது படையெடுத்தபோது இரண்டாம் அகஸ்டா லெஜியன் என்னும் படைப்பிரிவுக்கு வெஸ்பாசியன் தலைமை தாங்கினார். முப்பது மோதல்களில் ஈடுபட்டு, இருபதுக்கு மேற்பட்ட கோட்டை ஊர்களையும் இன்று வைட் தீவு எனப்படும் தீவையும் கைப்பற்றியதாக ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். கி.பி. 51இல் கான்சல் என்னும் உயர் ஆட்சிப் பதவி கிடைத்தது. பின்னர் ஆப்பிரிக்க மாகாண ஆளுநராக இருந்தார். ஆளுநர்கள் செல்வம் குவித்துத் திரும்புவது வழக்கமாயிருந்த காலத்தில், இவர் தம் நிலங்களை அண்ணனிடம் அடகு வைத்துக் கோவேறு கழுதை வணிகத்தில் இறங்கும் நிலையில்தான் திரும்பினார்.

நீரோவின் கிரேக்கப் பயணத்தில் உடன் சென்றபோது, பேரரசர் பாடுகையில் உறங்கிவிட்டதால் அவருடைய வெறுப்புக்கு ஆளானார். ஆனால் யூதேயாவில் ரோமுக்கு எதிரான கிளர்ச்சி வெடித்ததும் நீரோ இவரையே அங்கு அனுப்பினார். போர்த்திறம் மிக்கவர், எளிய குடியில் பிறந்தவராதலால் ஆட்சியைப் பிடிக்கும் அச்சம் தராதவர் என்பதே காரணம். கி.பி. 67இல் ஜோட்டபாட்டா கோட்டை வீழ்ந்தது. அங்கே சிறைப்பட்ட யூதத் தளபதி ஜோசிபஸ், வெஸ்பாசியன் பேரரசர் ஆவார் என்று முன்னுரைத்தார். பிற்காலத்தில் அவரே இப்போரின் வரலாற்றையும் எழுதினார்.

நான்கு பேரரசர்களின் ஆண்டு

கி.பி. 68 ஜூனில் நீரோ தற்கொலை செய்துகொண்டார். அடுத்து வந்த கால்பா 69 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஓத்தோ ஏப்ரலில் தற்கொலை செய்துகொள்ள, ரைன் எல்லைப் படைகளின் ஆதரவு பெற்ற விட்டேலியஸ் ரோமைக் கைப்பற்றினார். ஜூலை 1 அன்று எகிப்தின் ஆளுநர் டைபீரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர், அலெக்சாண்ட்ரியாவில் தம் படைகளை வெஸ்பாசியன் பெயரால் உறுதிமொழி ஏற்கச் செய்தார். யூதேயப் படைகளும், ஆளுநர் முசியானஸின் சிரியப் படைகளும் உடனே இணைந்தன.

வெஸ்பாசியன் நேரே ரோமுக்கு விரையவில்லை. ரோமுக்குத் தானியம் அனுப்பிய எகிப்தைத் தம் கையில் வைத்துக்கொண்டார். அவரை ஆதரித்த டான்யூப் படைகளுடன் இத்தாலிக்குள் புகுந்த தளபதி ஆண்டோனியஸ் பிரைமஸ், அக்டோபரில் கிரெமோனா அருகே விட்டேலியஸின் படையை முறியடித்தார். டிசம்பரில் ரோம் நகரிலேயே நடந்த சண்டையில் கேப்பிட்டால் குன்றின் ஜூபிடர் கோயில் எரிந்தது. அண்ணன் சபைனஸ் கொல்லப்பட்டார். விட்டேலியஸும் கொல்லப்பட, டிசம்பர் 21 அன்று செனட் வெஸ்பாசியனை ஏற்றது. அவருடைய அதிகாரங்களை வரையறுத்த சட்டத்தின் ஒரு பகுதி வெண்கலப் பலகையில் பொறிக்கப்பட்டு இன்றும் ரோமில் உள்ளது. ஆனால் தம் ஆட்சித் தொடக்கமாக வெஸ்பாசியன் கணக்கிட்டது படைகள் தம்மை அறிவித்த ஜூலை 1ஐத்தான்.

நிதிச் சீரமைப்பு

நீரோவின் ஆடம்பரமும் உள்நாட்டுப் போரும் கருவூலத்தைத் துடைத்திருந்தன. நாடு நிமிர 4,000 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) தேவை என்று வெஸ்பாசியன் அறிவித்ததாக சூட்டோனியஸ் பதிவு செய்கிறார். நீக்கப்பட்ட வரிகள் திரும்பி வந்தன, புதியவை சேர்ந்தன, மாகாணங்களின் கப்பம் சில இடங்களில் இரட்டிப்பானது. எருசலேம் கோயிலுக்கு யூதர்கள் செலுத்திவந்த ஆண்டுக் காணிக்கை, ரோமின் ஜூபிடர் கோயிலுக்கான வரியாக மாற்றப்பட்டது. கழிப்பிடச் சிறுநீருக்கும் வரி விதிக்கப்பட்டது. இதைக் கண்டித்த டைட்டஸின் மூக்கருகே நாணயத்தை நீட்டி, நாற்றம் வருகிறதா என்று அவர் கேட்டதாகக் கூறப்படுகிறது.

இந்தக் கண்டிப்பால் பேராசைக்காரர் என்ற பெயர் வந்தது. ஆனால் சேர்ந்த பணத்தை அவர் பொதுப்பணிகளில் செலவிட்டார். லத்தீன், கிரேக்கச் சொற்கலை ஆசிரியர்களுக்கு அரசு நிதியிலிருந்து ஆண்டுக்கு 1,00,000 செஸ்டர்ஸ் ஊதியம் தந்த முதல் பேரரசர் அவரே. பெரிய தூண்களைக் குறைந்த செலவில் ஏற்றும் பொறியைக் காட்டிய ஒருவருக்குப் பரிசளித்தார். ஆனால் எளிய மக்களின் கூலி போய்விடும் என்று அதைப் பயன்படுத்த மறுத்தார்.

கட்டுமானங்கள்

எரிந்த ஜூபிடர் கோயிலைத் திரும்பக் கட்டுகையில் இடிபாட்டுக் கூடையை அவரே சுமந்து பணியைத் தொடங்கினார். தீயில் அழிந்த 3,000 வெண்கல ஆவணப் பலகைகளின் படிகளைத் தேடி எடுத்து மீண்டும் பொறிக்கச் செய்தார். கி.பி. 75இல் திறக்கப்பட்ட அமைதிக் கோயிலில் எருசலேமிலிருந்து கொண்டுவந்த பொருள்களும் கிரேக்கக் கலைப்படைப்புகளும் வைக்கப்பட்டன. நீரோவின் பொன் மாளிகைக்குள் ஏரி இருந்த இடத்தில் கொலோசியம் எழுந்தது. ஒருவரின் இன்பத்துக்காக அடைபட்ட நிலம் மக்களுக்குத் திரும்பியது. டைட்டஸ் அதை கி.பி. 80இல் திறந்தார்.

இந்தப் பெருமைக்கு அடியில் ஓர் அழிவும் இருக்கிறது. கி.பி. 70இல் டைட்டஸ் தலைமையிலான படை எருசலேமைத் தரைமட்டமாக்கி, அதன் கோயிலை எரித்தது. அந்தக் கொள்ளைச் செல்வம் ரோமின் கட்டடங்களுக்குப் பயன்பட்டது.

ஆட்சி முறை

கி.பி. 73–74இல் டைட்டஸுடன், செனட் உறுப்பினர் பட்டியலைத் திருத்தும் சென்சார் பதவி ஏற்று, போரில் மெலிந்த செனட்டில் இத்தாலிய ஊர்களையும் மாகாணங்களையும் சேர்ந்தவர்களைச் சேர்த்தார். ஸ்பெயின் முழுமைக்கும் லத்தீன் உரிமை என்னும் பகுதிக் குடியுரிமையை வழங்கினார். தம்மைக் குறித்த கேலிப் பேச்சைப் பொருட்படுத்தாதவர் எனினும், ஆட்சியின் அடிப்படையைக் கேள்வி கேட்டவர்களிடம் கடுமை காட்டினார். தத்துவவாதிகளை ரோமிலிருந்து வெளியேற்றினார். செனட்டின் உரிமைக்காக வாதிட்ட ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்.

தென்னிந்திய வணிகம்

விடியலுக்கு முன்பே வெஸ்பாசியனைச் சந்தித்து அரசுப் பணி பெற்ற அலுவலர்களுள் எழுத்தாளர் மூத்த பிளினியும் ஒருவர். கி.பி. 77இல் டைட்டஸுக்குக் காணிக்கையாக்கிய தம் இயற்கை வரலாற்று நூலில், முசிறித் துறைமுகத்தையும் மதுரையையும் பாண்டிய மன்னரையும் அவர் குறிப்பிடுகிறார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் இந்தியாவுக்குப் போகிறது என்றும், உணவாகப் பயனற்ற மிளகை இவ்வளவு விரும்புவது ஏன் என்றும் அவர் குறைபட்டார்.

இறப்பும் மதிப்பீடும்

கி.பி. 79 ஜூன் 23 அன்று, சபைன் நாட்டு அக்வே குட்டிலியே நீரூற்றில் தங்கியிருந்தபோது வயிற்றுப்போக்கால் இறந்தார். பேரரசர் நின்றபடியே இறக்க வேண்டும் என்று சொல்லி எழ முயன்று, தாங்கியவர்களின் கைகளில் உயிர் துறந்தார். டைட்டஸ் அரியணை ஏறினார். ரோமில் தந்தைக்குப் பின் பெற்ற மகனே பேரரசராவது இதுவே முதல்முறை.

அதிகாரம் கிடைத்தபின் முன்னைவிட நல்லவராக மாறிய முதல் பேரரசர் இவர் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் மதிப்பிட்டார். எருசலேமின் அழிவும் ஹெல்விடியஸின் கொலையும் அந்த மதிப்பீட்டோடு சேர்த்தே எண்ண வேண்டியவை. ஆனாலும் சிதறும் நிலையிலிருந்த பேரரசு அவர் கையில் பத்தே ஆண்டுகளில் நிலைபெற்றது. புதிய குடும்பங்களுக்கு அவர் திறந்த கதவு பின்னர் மூடவில்லை. யூதேயப் போரில் அவருக்குக் கீழ் லெஜியனை நடத்தி, அவரால் உயர்குடி நிலை பெற்ற ஸ்பெயின் நாட்டவர் ஒருவரின் மகன் டிராஜன், கி.பி. 98இல் பேரரசரானார்.