பல் முளைத்த வார் – 9: குறி சரி, கார் கிளம்பவில்லை

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. பெட்ரோல் வருகிறது. பிளக்கில் பொறி பறக்கிறது. புது டைமிங் பெல்ட்டின் குறிகள் மேலும் கீழும் நேராக நிற்கின்றன. ஆனாலும் கோத்தா திங்கிப் பட்டறையில் அந்தப் புரோட்டோன் சாகா, கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று ஒருமுறை இருமிவிட்டு அடங்கிப் போனது. போன வாரம் இங்கேதான் நிறுத்தினோம்.

காலத்தை நினைவில் வையுங்கள். 2006 டிசம்பரில் ஒரு வெள்ளம். வீடுகளைக் கழுவி முடிப்பதற்குள், 2007 ஜனவரியில் இன்னொன்று. இரண்டாம் முறை கோத்தா திங்கியில் ஜொகூர் ஆறு 5 மீட்டரைத் தாண்டி ஏறியது. நீர் வடிந்ததும் பட்டறை வாசல்களில் சேறு அப்பிய கார்கள் வரிசை கட்டின. பெல்ட் மூடிக்குள் சேறு புகுந்துவிட்டால் பழைய பெல்ட்டை நம்ப முடியாது. ஆகவே பட்டறையின் மெக்கானிக்கான நம் போமன் அதை மாற்றியதில் குற்றமில்லை. கையோடு டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றி, உலர்த்தி, திரும்பப் பொருத்தினார். இந்தக் கடைசி வாக்கியத்தை வேகமாகப் படித்துவிட்டுப் போனவர்கள் இன்னொரு முறை படிக்கலாம்.

"தண்ணி இன்னும் உள்ள நிக்குது, அண்ணே" என்றான் உதவிக்கு நின்ற பையன்.

"தண்ணி நின்னா பொறி எப்படிடா வரும்?"

காரின் சொந்தக்காரர் தோட்டத்துக் கிராணி. அவருடைய கவலை எத்தனை வெள்ளி ஆகும் என்பதில் இருந்தது. அவரை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டு, நாம் ஒரு நடை பவேரியா போய் வருவோம்.

பல் வைத்த ரப்பர் வார் 1940களில் அமெரிக்காவில் பிறந்து, முதலில் தையல் இயந்திரத்தில் ஓடியது என்பதை முன்பே பார்த்தோம். அதை விற்பனைக்கான காரின் எஞ்சினுக்குள் துணிந்து முதலில் மாட்டியது பெரிய நிறுவனம் எதுவுமல்ல. கோகோமொபில் என்ற குட்டிக் கார்களைச் செய்துவந்த, டிங்கோல்ஃபிங் ஊர் ஹான்ஸ் கிளாஸ் நிறுவனம். 1962இல் விற்பனைக்கு வந்த கிளாஸ் 1004 காரில், கிராங்க்கையும் கேம்ஷாஃப்டையும் சங்கிலிக்குப் பதில் ரப்பர் இணைத்தது. எண்ணெய் வேண்டாம், இரைச்சல் குறைவு, விலையும் குறைவு. நான்கே ஆண்டுகளில் கிளாஸ் நிறுவனம் பி.எம்.டபிள்யூ.வின் கைக்குப் போய்விட்டது. வார் மட்டும் பிழைத்துக்கொண்டது. 1966இல் ஃபியட் 124 ஸ்போர்ட் காருக்காக அதை எடுத்துக்கொண்டவர் அவுரேலியோ லாம்ப்ரெடி. ஃபெராரிக்கு எஞ்சின் வடித்துக் கொடுத்தவர். அப்பேர்ப்பட்டவரே ரப்பரை நம்பிய பிறகுதான் கேலி பேசிய வாய்கள் மூடின என்பது என் கணிப்பு. 1985 ஜூலை 9 அன்று அறிமுகமான சாகாவுக்கு அந்த வார் மிட்சுபிஷி எஞ்சினோடு சேர்ந்தே வந்தது.

டிங்கோல்ஃபிங் எஞ்சினுக்கும் கோத்தா திங்கி எஞ்சினுக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. கீழே 20 பல் என்றால் மேலே 40. ஆகவே ஒரு முழு வேலைச் சுழற்சியில் கிராங்க்கின் குறி இரண்டு தடவை மேலே வந்து நிற்கும். ஒரு தடவை முதல் சிலிண்டரில் காற்றும் பெட்ரோலும் அமுங்கி வெடிக்கத் தயாராக இருக்கும். மறு தடவை அதே சிலிண்டர் புகையைத் துப்பிக்கொண்டிருக்கும். கிராங்க்கை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

போமனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. முதல் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் பையனின் விரலை வைக்கச் சொன்னார். ஸ்பானரால் கிராங்க்கை மெதுவாகத் திருப்பினார். குறி மேலே வந்தது. விரலில் ஒன்றுமில்லை. இன்னொரு முழுச் சுற்று.

"அண்ணே, விரலைத் தள்ளுது!"

"அப்படியே நில்லு."

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். முதல் சிலிண்டரின் கம்பியைக் காட்ட வேண்டிய ரோட்டர், நேர் எதிரே நான்காவதைக் காட்டிக்கொண்டிருந்தது. உலர்த்திய டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டும்போது, கேம் குறி பெல்ட் மூடிக்குள் மறைந்திருந்தது. அவர் பார்த்தது கிராங்க்கின் குறியை மட்டும். அது தவறான சுற்று. புகை வெளியேறும் நேரத்தில் பொறி விழுந்தது. அந்த நொடியில் உள்ளிழுக்கும் வால்வும் திறக்கத் தொடங்கிவிடும் என்பதால், தீ வந்த வழியே திரும்பி கார்புரேட்டரில் இருமியது. பெல்ட் சரி, பெட்ரோல் சரி, பொறியும் சரி. பொறி விழுந்த நேரம்தான் தப்பு.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி, அரைச் சுற்று திருப்பி இறக்கினார். கம்பிகள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் இருக்கின்றனவா என்று விரல் வைத்து எண்ணினார். சாவியைத் திருப்பினார். சாகா உடனே பிடித்துக்கொண்டது. கிராணி எழுந்து பணப்பையைத் தொட்டார்.

"கொஞ்சம் இருங்க சார்."

எஞ்சின் ஓடியது, ஆனால் நடுங்கியது. ஐடிலில் தள்ளாடியது. அணைத்துவிட்டு, பெல்ட் மூடியைத் திறந்து, ஸ்பானரால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். காலையில் நேருக்கு நேர் நின்ற கேம் குறி, இப்போது ஒரு பல் பின்தங்கி நின்றது. கிராங்க் கணக்கில் அது 18 பாகை.

பெல்ட் இன்று காலை பெட்டியிலிருந்து பிரித்தது. டென்ஷனர் போல்ட்டைத் தன் கையாலேயே முறுக்கியதாக அவர் சத்தியம் செய்வார். அப்படியானால் அந்த ஒரு பல் எப்போது நழுவியது? இன்னும் சில பற்கள் நழுவினால் பிஸ்டனும் வால்வும் ஒன்றையொன்று முட்டி உடைத்துக்கொள்ளும் எஞ்சின்கள் உண்டு. இந்தச் சாகா அந்த இனமா? பையனோ ஒன்றும் தெரியாமல் டிரைவர் சீட்டில் ஏறி, மறுபடியும் சாவியில் கை வைத்துவிட்டான்...

(தொடரும்)